குமுதாவுக்குச் சொன்ன புத்தகம்

பிரிக்பீல்ட்ஸ் ஓட்டக் குழுவில் யாருக்காவது முட்டி வலித்தால் மருந்துக்கு முன்னால் புத்தகம் வந்து சேரும். சனிக்கிழமை காலையில் லேக் கார்டன் பூங்காவைச் சுற்றி ஓடி முடித்துவிட்டு எல்லாரும் புல்லில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கும்போது, திமோத்தி தண்ணீர் போத்தலை மூடிக்கொண்டே, "இதுக்குன்னே ஒரு நல்ல புத்தகம் இருக்கு" என்று ஆரம்பிப்பார். அன்று சாயங்காலத்துக்குள் அட்டைப்படமும் அதற்குக் கீழே நாலு வரியும் வாட்சாப் குழுவில் வந்துவிடும். மூச்சு விடுவதற்கு ஒரு புத்தகம், மேட்டில் ஏறி ஓடுவதற்கு ஒரு புத்தகம், ஐம்பது வயதுக்கு மேல் ஓட ஆரம்பிப்பவர்களுக்கு ஒரு புத்தகம். குழுவில் அவருக்கு 'லைப்ரரி' என்றே பெயர்.

அந்தப் புத்தகங்களில் ஒன்றைக்கூட அவர் முழுதாகப் படித்ததில்லை.

திமோத்தி சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் அலுவலகக் கட்டடத்தில் பராமரிப்பு மேற்பார்வையாளர். லிஃப்ட் நின்றாலும், ஏர்கான் ஒழுகினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அப்பா ரயில்வேயில் இருந்தவர். வீட்டில் ஐந்து பிள்ளைகள். நாலு பேர் படித்து மேலே போனார்கள். திமோத்தி மட்டும் பள்ளி இறுதியில் ஃபார்ம் ஃபைவ் பரீட்சையில் தவறி வேலைக்குப் போனார். கிறிஸ்துமஸுக்கு எல்லாரும் ஒன்றுகூடும்போது, விரிவுரையாளராக இருக்கும் அண்ணன், "இப்ப என்ன படிச்சிக்கிட்டு இருக்க, டிம்?" என்று மரியாதைக்காகக் கேட்பார். பதில் வராது என்று தெரிந்தே கேட்கிற மாதிரி இவருக்குப் படும்.

ஒருமுறை முட்டி வலி வந்து மூன்று மாதம் நொண்டினார். பிசியோதெரபி செய்யும் பெண் சொல்லிக்கொடுத்த பயிற்சிகளைச் செய்து சரியானார். குழுவில் கேட்டபோது என்னவோ வாயில் வந்துவிட்டது: "ஒரு புத்தகம் படிச்சேன். அதுல போட்டிருந்த மாதிரி செஞ்சேன்." சொன்னதும் சுற்றியிருந்த முகங்கள் மாறியதை அவர் பார்த்தார். "அங்கிள் செம்ம லா, புத்தகம் எல்லாம் படிக்கிறீங்க!" என்றான் ஒருவன். அப்படி ஒரு பார்வையில் யாரும் அவரைப் பார்த்ததில்லை. அடுத்த வாரம் பழைய புத்தக விற்பனைக்குப் போய் ஓட்டம் சம்பந்தமாகக் கிடைத்ததையெல்லாம் ஒரு பையில் அள்ளிக்கொண்டு வந்தார். முதல் பக்கத்தைத் திறப்பார், கண் சொக்கும். இணையத்தில் யாரோ எழுதிய சுருக்கத்தைப் பார்த்து நாலு வரி எழுதுவார். தூசி தட்டுகிற வேலை மட்டும் மனைவி கேரனுக்கு.

"இதுங்கள நீங்க படிக்கவும் மாட்டீங்க, தூக்கிப் போடவும் விடமாட்டீங்க" என்பாள் அவள்.

குமுதா குழுவில் சேர்ந்தது போன வருட ஆரம்பத்தில். கிள்ளானில் வீடு. பிரிக்பீல்ட்ஸில் ஒரு மருந்துக் கடையில் கவுண்டரில் வேலை. ரத்தத்தில் சர்க்கரை ஏறி இனிப்பு நீர் வியாதி வந்துவிட்டது, தினம் நடக்கவோ ஓடவோ செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சனிக்கிழமை விடியற்காலையில் முதல் கொமுட்டர் ரயிலில் வந்து ஓடிவிட்டு, அங்கிருந்தே கடைக்குப் போவாள். முப்பத்தெட்டு, நாற்பது வயது இருக்கும். பிள்ளைகள் இல்லை. அதிகம் பேசமாட்டாள். எந்த வெயிலிலும் மணிக்கட்டு வரை மூடிய சட்டைதான் போடுவாள்.

திமோத்திக்கு அது பொறுக்கவில்லை. "குமுதா, இந்தச் சட்ட ஒத்து வராதும்மா. சூடு ஏறிடும். கை தெரியுற மாதிரி போடு" என்றார் ஒருநாள், எல்லார் முன்னாலும்.

அவள் சட்டென்று அவரைப் பார்த்தாள். பிறகு சட்டையின் ஓரத்தை இழுத்துவிட்டுக்கொண்டு, "கருத்துப் போயிடுவேன்ணே" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள்.

அதற்கு அடுத்த வாரமோ என்னவோ, ஓட்டம் முடிந்து கலையும்போது அவள் அவரிடம் வந்தாள். "அண்ணே, எல்லாருக்கும் புத்தகம் சொல்றீங்க. எனக்கும் ஒண்ணு சொல்லுங்களேன். இங்கிலீஷ் வேண்டாம். நான் தமிழ்ப்பள்ளி. தமிழ்ல இருந்தா நல்லாப் படிப்பேன்."

திமோத்திக்குத் தமிழ் பேசத் தெரியும், கேரன் சொல்லிக்கொடுத்த சில எழுத்துகளைத் தவிர படிக்கத் தெரியாது. மாதா கோயிலில் தமிழ்ப் பூசைக்குப் போனால், திரையில் ஆங்கில எழுத்தில் போடுகிற பாட்டைப் பார்த்துத்தான் பாடுவார். ஆனாலும், "இருக்கே! நல்ல புத்தகம் ஒண்ணு இருக்கு. கொண்டாந்து தரேன்" என்றார். இல்லை என்று சொல்ல நாக்கு வரவில்லை.

பிரிக்பீல்ட்ஸ் தமிழ்ப் புத்தகக் கடையில் போய் நின்றார். "ஓட்டத்தப் பத்தி ஏதாச்சும் இருக்கா, பாஸ்?" கடைக்காரர் போனில் பேசிக்கொண்டே ஓர் அலமாரியைக் கைகாட்டினார். அங்கே ஒரு புத்தகத்தின் அட்டையில் ஒரு பெண் ஓடிக்கொண்டிருந்தாள். காலில் நல்ல ஓட்டக் காலணி, பின்னால் விடிகிற வானம். தலைப்பை எழுத்துக் கூட்டிப் பார்த்தார். ஓ... ட... த்... ஓடத் தொடங்கியவள். இதைவிட என்ன வேண்டும்? ஓடத் தொடங்குகிறவர்களுக்கான புத்தகம். வாங்கினார்.

அன்று குழுவில் அட்டைப்படத்தைப் போட்டு, வழக்கம்போல் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதினார்: 'புதிதாக ஓட ஆரம்பிக்கும் பெண்களுக்கு மிகச் சிறந்த புத்தகம். மூச்சு, பொறுமை, மன உறுதி எல்லாம் இதில் உண்டு. குமுதா, இது உனக்காகவே தேடி எடுத்தது. பக்கம் பக்கமாகப் படி. அப்படியே செய்.'

பத்துப் பதினைந்து கட்டைவிரல்கள் வந்து விழுந்தன. அடுத்த சனிக்கிழமை புத்தகத்தை அவள் கையில் கொடுத்தார். அவள் அட்டையைப் பார்த்தாள், பின்னட்டையைப் படித்தாள். நிமிர்ந்து அவரை ஒருமாதிரி பார்த்தாள். "தேங்க்ஸ்ணே" என்றாள், மெதுவாக.

நாலைந்து வாரம் வழக்கம்போல் வந்தாள். பிறகு ஒரு சனிக்கிழமை ஓடி முடித்து, "வரேன்ணே" என்று சொல்லிப் போனவள்தான். அன்று மத்தியானம் குழுவிலிருந்து விலகிவிட்டாள். மருந்துக் கடையிலும் இல்லை, வேலையை விட்டுவிட்டாள் என்றார்கள். "புத்தகமே வாங்கிக் கொடுத்தேன். அப்பவும் ஓட முடியல பாரு" என்று திமோத்தி புல்லில் உட்கார்ந்து சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். அதோடு மறந்துபோனார்கள்.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு புது எண்ணிலிருந்து போன் வந்தது. "அண்ணே, நான்தான் குமுதா. உங்களப் பாக்கணும்."

பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சந்தித்தார்கள். குமுதா இளைத்திருந்தாள். அரைக்கைச் சட்டை போட்டிருந்தாள். கையில் ஒரு டப்பா நிறைய அதிரசம். தங்கச்சி வீட்டில் செய்தது, அண்ணிக்குக் கொடுங்கள் என்றாள். இப்போது தெலுக் பங்லிமா காராங் என்ற ஊரில் தங்கச்சியோடு இருக்கிறாளாம், அங்கேயே ஒரு ஃபேக்டரியில் வேலையாம். திமோத்தி தோசைக்குச் சொல்லிவிட்டு, இடம் மாறிவிட்டாள் போல என்றுதான் நினைத்தார்.

"எப்பண்ணே கண்டுபிடிச்சீங்க?" என்றாள் குமுதா.

"என்னது?"

"என் வீட்டு விஷயம். அந்த ஆளு அடிக்கிறது. யார்கிட்டயும் நான் சொன்னதில்ல. எங்கம்மாவுக்கே தெரியாது. நீங்க எப்படிண்ணே...?"

தோசை வந்தது. திமோத்தி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஒன்றும் சொல்லாததைப் பெரிய மனுஷத்தனம் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

"அந்தப் புத்தகத்துல வர்றவளும் ஓடத்தானே போவா, தினமும். புருஷன் சந்தேகப்பட மாட்டான். ஒருநாள் அடையாளக் கார்டையும் கொஞ்சம் காசையும் இடுப்புப் பையில வச்சிக்கிட்டு ஓடப் போவா, திரும்பி வரமாட்டா. நான் அத மூணு தடவ படிச்சேன்ணே. கடையில, கவுண்டருக்குக் கீழ வச்சிப் படிச்சேன். அப்பதான் புரிஞ்சது, நீங்க ஏன் 'அப்படியே செய்'னு எழுதினீங்கன்னு. எல்லார் முன்னாலயும் எழுதி, யாருக்கும் தெரியாம எனக்கு மட்டும் சொல்லிட்டீங்க."

உண்மையைச் சொல்ல அதுதான் நேரம். திமோத்தி வாயைத் திறந்தார். அவள் கண்கள் நிறைந்திருந்தன. எதிரே ஒரு பெரிய மனிதர் உட்கார்ந்திருப்பது போல அவள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தாத் தெரியாதாம்மா" என்றார் திமோத்தி.

சொல்லிவிட்டு ஒரு வாய்த் தோசையைப் பிய்த்துப் போட்டுக்கொண்டார். தண்ணீர் குடித்தார். அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

அங்கிருந்து நேராகப் புத்தகக் கடைக்குப் போய் இன்னொரு பிரதி வாங்கினார். வீட்டில் அதிரச டப்பாவையும் புத்தகத்தையும் மேசையில் வைத்து, நடந்ததைக் கேரனிடம் சொன்னார். கேரன் கிள்ளான் பக்கம் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தவள். புத்தகத்தைப் புரட்டினாள்.

"இது நாவல், டிம். கதை. இதையா மூச்சு, பொறுமைன்னு போட்டீங்க?"

"படிச்சிக் காட்டு."

தினம் சமையல் முடிந்ததும் அவள் படித்துக் காட்டினாள். அவர் எதிரில் கைகளைத் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து கேட்டார். அதில் அந்தப் பெண் கோடைக்காலத்திலும் கை மூடிய சட்டை போட்டு ஓடுகிற இடம் வந்தது. வழியில் பார்க்கிறவர்கள் கேலி செய்கிறார்கள். கேரன் புத்தகத்திலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தாள். அவர் எழுந்து குளியலறைக்குப் போனார். குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் வெளியே வரவில்லை. கை தெரியுற மாதிரி போடு. அதையும் குமுதாவிடம் எல்லார் முன்னாலும்தான் சொல்லியிருந்தார்.

அத்தோடு போயிருந்தால், ஒருவேளை அவர் அந்த வெட்கத்தை உள்ளேயே வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டியிருப்பார். ஆனால் குமுதா மறுபடி போன் செய்தாள். வழக்கு போட்டிருக்கிறாள். கணவன் லோகன், தான் கையே ஓங்கியதில்லை, அவளாக ஓடிப்போனாள் என்று சொல்கிறான். குடும்பத்துக்கு வெளியே யாராவது சாட்சி சொன்னால் பலமாக இருக்கும் என்கிறார் வக்கீல்.

"நீங்க பாத்தத சொன்னாப் போதும்ணே. நீங்க சொன்னா நம்புவாங்க."

"யோசிச்சி சொல்றேம்மா" என்றார் திமோத்தி.

மூன்று நாள் அவருக்கு வேலை ஓடவில்லை. கடைசியில் கேரனிடம் வந்து நின்றார். "பாத்தேன்னு சொல்லிட்டாத்தான் என்ன? அந்த ஆளு அடிச்சது நெசந்தானே. நான் சொன்னா அவளுக்கு நல்லதுதான நடக்கும்?"

கேரன் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். "எந்தக் கையில காயம்னு கேப்பாங்க. என்ன சொல்லுவீங்க?"

அவர் குனிந்து தரையில் கிடந்த வெங்காயத் தோலைப் பொறுக்கினார்.

"நீங்க மாட்டினா அவ கேஸும் போயிடும். போய்ச் சொல்லுங்க, டிம். போன்ல வேண்டாம். நேர்ல போங்க."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அப்படியே காரை எடுத்துக்கொண்டு போனார். போகிற வழியெல்லாம் என்ன சொல்வது என்று பேசிப் பார்த்தார். ஆங்கிலத்தில் பேசிப் பார்த்தபோது கொஞ்சம் கௌரவமாகக் கேட்டது. தமிழில் அப்படி வரவில்லை. தங்கச்சி வீட்டு வாசலில் குமுதா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் முகம் மலர்ந்து, "வாங்கண்ணே, வாங்க" என்று பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை.

"குமுதா, எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது."

அவளுக்குப் புரியவில்லை. ஈரத் துணி கையில் இருந்தது.

"அந்தப் புத்தகத்த நான் படிக்கல. அட்டையப் பாத்து, ஓட்டப் பயிற்சி புத்தகம்னு நெனச்சி வாங்கினேன். எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. உன் வீட்டு விஷயம், அடிச்சது, எதுவுமே தெரியாது. அன்னிக்குக் கடையில பொய் சொன்னேன்."

குமுதா துணியைத் தொட்டியில் போட்டாள். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

"அப்போ சட்டக் கையப் பத்திச் சொன்னீங்களே?"

"சூடு ஏறுமேன்னு சொன்னேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

எதிர்வீட்டில் டிவி சத்தமாக ஓடியது. அவள் திட்டுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. அவள் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் தானே உட்கார்ந்தாள்.

"அங்க இருந்து கிளம்பி வந்தப்ப எனக்கு ரொம்பப் பயமா இருந்துச்சிண்ணே" என்றாள். "கொமுட்டர்ல உக்காந்து, ஒருத்தருக்காவது தெரிஞ்சிருக்கு, ஒருத்தராவது நம்மளப் பாத்திருக்காருன்னு நெனச்சிக்கிட்டேதான் வந்தேன். இங்க வந்தும், தூக்கம் வராதப்ப எல்லாம் அதத்தான் நெனப்பேன்." பாவாடையில் பட்டிருந்த ஈரத்தைக் கையால் தேய்த்தாள். "அப்போ யாருக்குமே தெரியலயா?"

திமோத்தி தலையைக் குனிந்துகொண்டு நின்றார். "மன்னிச்சிரும்மா" என்றார். சொன்னது அவருக்கே கேட்கவில்லை.

"சரிண்ணே. வேற ஆளப் பாக்கச் சொல்லி வக்கீல்கிட்ட சொல்லிடுறேன்." எழுந்து தொட்டியிலிருந்து துணியை எடுத்து உதறினாள். "தண்ணி ஏதும் குடிக்கிறீங்களா?"

வேண்டாம் என்று கிளம்பினார். காரில் ஏறியபோது அவள் பார்க்கவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் குழுவில் எழுதினார். குமுதாவின் பெயரைச் சொல்லவில்லை. 'இதுவரை நான் சொன்ன புத்தகங்கள் எதையும் நான் படித்ததில்லை. படித்த மாதிரி நடித்தேன். என் முட்டி சரியானதும் புத்தகத்தால் இல்லை. மன்னியுங்கள்.' போனை மேசையில் கவிழ்த்துவைத்தார். எடுத்துப் பார்த்தபோது பதில்கள் வரிசையாக வந்திருந்தன. 'பரவால்ல லா அங்கிள்.' 'நாங்களும்தான் படிக்கல, ஹாஹா.' பரமேஸ்வரன் என்ற வாத்தியார் மட்டும், 'ஏன் தம்பி, அந்த மேடு ஏறுற புத்தகத்த நூத்தம்பது வெள்ளி கொடுத்து வெளிநாட்டுல இருந்து தருவிச்சேனே' என்று எழுதியிருந்தார். அதற்கும் எல்லாரும் சிரித்து வைத்திருந்தார்கள். யாரும் கோபப்படவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. இத்தனை வருடம் அவர் கட்டிக் காத்த மரியாதையை யாரும் அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொண்டிருக்கவேயில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

வழக்கு குமுதாவுக்குச் சாதகமாகவே முடிந்தது. கிள்ளானில் அவள் இரண்டு முறை போயிருந்த கிளினிக்கில் டாக்டர் காயங்களை எழுதிவைத்திருந்தது உதவியது. மருந்துக் கடையில் கூட வேலை செய்த வள்ளியம்மா என்ற பெரியவள் வந்து சாட்சி சொன்னாள். குமுதாவின் கழுத்தில் தழும்பைப் பார்த்திருக்கிறாள். அடுத்தவர் வீட்டு விஷயம் நமக்கு எதற்கு என்று கேட்காமல் இருந்துவிட்டாளாம். கோர்ட்டில் அதைச் சொல்லும்போது அழுதுவிட்டாள் என்று கேரனுக்கு யாரோ சொன்னார்கள். திமோத்தி அதைக் கேட்டு, "அவங்களாவது பாத்திருக்காங்க" என்றார்.

குமுதா மறுபடி அவருக்குப் போன் செய்யவில்லை. அவரும் செய்யவில்லை. கிள்ளானில் நடந்த ஓர் ஓட்டத்தில் தூரத்திலிருந்து ஒருமுறை பார்த்தார். தங்கச்சியோடு வந்திருந்தாள். இவரைக் கண்டுகொண்டு தலையை அசைத்தாள். சிரிக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. பக்கத்தில் போகலாமா என்று யோசித்துக்கொண்டே நின்றார். அதற்குள் ஓட்டம் ஆரம்பித்துவிட்டது.

திமோத்தி இன்னமும் சனிக்கிழமைகளில் ஓடுகிறார். புத்தகம் கேட்டால், "எனக்குத் தெரியாதும்மா, படிச்சவங்களக் கேளு" என்கிறார். அப்படிச் சொல்லும்போதெல்லாம் காது சூடாகிறது. புதிதாக யாராவது சேர்ந்தால் அவர்கள் பக்கத்தில் மெதுவாக ஓடிப் பார்க்கிறார். போன மாதம் ஓர் இளம்பெண் நொண்டிக்கொண்டே ஓடினாள். மற்றவர்கள் முன்னால் போகட்டும் என்று விட்டுவிட்டு, அவளைத் தனியாக நிறுத்தி, "என்னம்மா காலு? வீட்ல எல்லாம் சரிதானா?" என்று கேட்டார்.

அவள் அவரை விநோதமாகப் பார்த்தாள். "ஷூ சின்னது, அங்கிள். தள்ளுபடியில வாங்கினேன்."

ஷூ உண்மையிலேயே சின்னதுதான். அவர் குனிந்து, கட்டைவிரலால் முனையை அழுத்திப் பார்த்தார்.